நானூற்றுப் பன்னிரண்டு கழுத்துகள்

என் பெயர் பாவாடை. சிரித்து முடித்ததும் சொல்லுங்கள், மேலே எழுதுகிறேன்.

விழுப்புரம் பக்கம் இது ஆம்பளைப் பெயர்தான். குலசாமி பாவாடைராயன். இதைச் சென்னையில் முப்பது வருஷமாக விளக்கிக்கொண்டிருக்கிறேன். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது நாற்பத்து மூன்றாவது வயதில், கோயம்பேடு மார்க்கெட்டில் சங்கம் வைத்த மதிய வகுப்பில். முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தது ஒரு மூட்டையின் மேல் இருந்த 'கொக்கி போடாதே' என்பதை. இருபது வருஷமாக அந்த மூட்டைகளைக் கொக்கி போட்டுத்தான் இழுத்திருந்தேன்.

என் தொழில் தலைச்சுமை. அதில் ஒரு விதி உண்டு. தலையில் மூட்டை இருக்கும்போது யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டக் கூடாது. வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். ஆட்டினால் கழுத்து போய்விடும். அதற்கு வட்டியாக, மூட்டையை இறக்கினதும் தலை தானாக இரண்டு தடவை மேலும் கீழும் ஆடும். எலும்பு அதனதன் இடத்தில் உட்காருவதற்காக ஆடுவது அது. நாம் ஆட்டுவது கிடையாது.

வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மூட்டை தரையைத் தொடுகிற நொடிக்காகக் காத்திருப்பார்கள். "பாவாட, இன்னொரு லாரி வருது, இருந்து எறக்கிட்டுப் போயிடுறியா?" தலை ஆடிவிடும். ஆடிவிட்டால் பேச்சு முடிந்தது. "தல ஆடுச்சா இல்லியா?" என்று நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். என் மகளின் காதுகுத்துக்கு நான் போகாததற்குக் காரணம் என் தலைதான். என் மனைவி அஞ்சலை இதை இன்றுவரை நம்பவில்லை.

பிறகு மார்க்கெட்டில் தூக்குவண்டிகள் வந்தன. ஆள் இல்லாமலே ஓடி, மூட்டையை எடுத்து, கடைக்குள் அடுக்கி, யாருக்கும் தலையாட்டாமல் போகிற வண்டிகள். நாங்கள் வேலையில்லாமல் சங்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து வண்டிகளை விமர்சனம் செய்துகொண்டிருந்தோம். ஒருநாள், மனைவி எனக்குச் சோறு கொண்டுவந்திருந்த நேரத்தில், ஒரு இளம்பெண் வந்து எல்லாருடைய கழுத்தையும் பார்த்தாள். என்னிடம் வந்து நின்றுவிட்டாள்.

"உங்க கழுத்தக் கொஞ்சம் தொட்டுப் பாக்கலாமாண்ணே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் இருந்த அஞ்சலைதான் பதில் சொன்னாள். "பாத்துக்கம்மா. முப்பது வருசத்துல அத ஆசையாத் தொடுற மொத ஆளு நீதான்."

அவள் பெயர் நிலோஃபர். வாணியம்பாடிக்காரி. நான் டாக்டரம்மா என்றேன். "டாக்டர் இல்லண்ணே, பிசியோ. உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கறவ" என்றாள். பெருங்குடியில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ் காகிதங்களை ஸ்கிரீனில் சரிபார்க்கிற கம்பெனி. நானூற்றுப் பன்னிரண்டு பேர், தினம் ஒன்பது மணி நேரம், கழுத்தைக் கொக்கு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு.

"எல்லாருக்கும் கழுத்து வலிண்ணே. தலைவலி, கை மரத்துப் போறது, தூக்கம் இல்ல. மாத்திரையில தீராது. பயிற்சிதான் மருந்து. தினம் மூணு வேளை, வேளைக்குப் பத்து நிமிஷம், ஆறு வாரம்."

"அப்ப செய்யச் சொல்லேம்மா."

"அதுக்கு வேலைய நிறுத்தணுமே. கம்பெனி விடாது. அதனாலதான் இது." பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தாள். நாய்க்குக் கட்டுகிற பட்டையை விட அகலம், கொஞ்சம் மிருது. "நீங்க இதக் கட்டிக்கிட்டுப் பயிற்சி செய்வீங்க. அவங்க கழுத்துலயும் ஒண்ணு இருக்கும். உங்க தசை இறுகுனா அவங்க தசையும் இறுகும். நீங்க அசைஞ்சா அவங்க அசைவாங்க. அவங்க பாட்டுக்கு டைப் அடிச்சுக்கிட்டு இருப்பாங்க."

"நான் சாப்ட்டா அவங்களுக்குப் பசி அடங்குமா?"

"அடங்காது. ஆனா தசைக்கு யார் சொன்னாங்கன்னு தெரியாதுண்ணே. இறுக்குன்னு வந்தா இறுக்கும், அவ்வளவுதான்."

"அத மிஷினே சொல்லக் கூடாதா?"

"சொல்லிப் பாத்தாச்சு. பாதிப் பேரு வாந்தி எடுத்தாங்க. மனுஷன் செய்யறதுல ஒரு சின்னத் தயக்கம் இருக்கு. ஒடம்பு அதைத்தான் நம்புது."

"தயக்கமா? எங்கிட்ட அது லாரி லாரியா இருக்கு."

அவள் சிரித்தாள். "கொஞ்ச நாள்தாண்ணே. பழகப் பழக, பட்டை இல்லாமலே அந்தந்த நேரத்துக்குக் கழுத்து தானா செய்ய ஆரம்பிச்சுடும். அதுதான் இதுல இருக்கற நல்லதே."

இந்த வரியை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

வேலை ஒப்பந்தம் பதினாறு பக்கம். பெரிய எழுத்தில் இருந்ததை எல்லாம் படித்தேன். பெரிய எழுத்தில் என் பெயரும் கம்பெனி பெயரும் மட்டும்தான் இருந்தன.

என்னை ஒரு கண்ணாடி அறையில் வைத்தார்கள். மாடியில் தொங்குகிற அறை. கீழே ஹால் முழுக்க வரிசை வரிசையாகத் தலைகள். குளிர்சாதனம், தண்ணீர் பாட்டில், சுழலும் நாற்காலி எல்லாம் எனக்கே எனக்கு. நாற்காலியில் முதல்நாள் உட்கார்ந்து சுழன்றதில் மயக்கம் வந்து, பட்டை கழுத்தில் இருந்ததால் கீழே சில பேர் பிடரியைத் தடவிக்கொண்டார்கள்.

பயிற்சி நான்கு. தாடையை உள்ளே இழுத்து இரட்டைத் தாடை வரவைப்பது ஒன்று. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, கை தலையைத் தள்ள, தலை கையைத் தள்ள, இரண்டும் அசையாமல் பத்து எண்ணுவது இரண்டாவது. தோளைக் காது வரைக்கும் தூக்கி இறக்குவது மூன்றாவது. கழுத்தை மெதுவாக இடது பக்கம், வலது பக்கம் திருப்புவது நாலாவது. இந்த நாலாவதை மேனேஜர் மதுசூதன் சார் முதல்நாளே எடுத்துவிட்டார்.

"திரும்பினா கண்ணு ஸ்கிரீனை விட்டுப் போயிடும்" என்றார். நிலோஃபர் தன் காகிதத்தில் நாலாவதை அடித்தாள்.

மதுசூதன் சார் நல்ல மனிதர். குரலை உயர்த்தமாட்டார். என் பெயரைச் சொல்ல மட்டும் கூச்சம். "மிஸ்டர் பா" என்று கூப்பிடுவார்.

ஒரு வாரத்தில் எனக்கு ஒரு வெட்கம் வந்தது. சுமை இல்லாமல் நின்று சம்பளம் வாங்குவது திருடுவது போல இருந்தது. ஒருநாள் வீட்டிலிருந்து சும்மாடும் ஒரு சின்ன அரிசி மூட்டையும் கொண்டுபோய், தலையில் வைத்துக்கொண்டு பயிற்சி செய்தேன். நிலோஃபர் ஓடிவந்து திட்டினாள். திட்டிவிட்டு, கீழே வலிக் கணக்கைப் பார்த்தாள். வலி குறைந்திருந்தது. "பத்துக் கிலோவுக்கு மேல வேணாம்ணே" என்று போய்விட்டாள்.

மூட்டையை இறக்கினால் தலை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு ஆட்டு. கீழே நானூற்றுப் பன்னிரண்டு தலைகளும் இரண்டு ஆட்டு. மேலிருந்து பார்த்தால் காற்றடித்த சோளக்கொல்லை. எனக்கு ஒரு பெருமைகூட வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் யாரிடமெல்லாம் கையெழுத்துக்காகக் காத்து நின்றேனோ, அந்த மாதிரிப் படித்த தலைகள்.

மூன்றாவது வாரம் மதுசூதன் சார் ஹாலில் மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் எனக்குக் கேட்கவில்லை, நிலோஃபர்தான் பிறகு சொன்னாள். ஏதோ வேலை தாமதமாகிவிட்டதாம். கடைசியில் வேடிக்கையாக, "இதுக்கெல்லாம் நான்தான் காரணம்னு யாராவது நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். நான் அப்போதுதான் மூட்டையை இறக்கினேன்.

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஆமாம் என்றார்கள்.

 பிறகு ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தபடியே அண்ணாந்து என் கண்ணாடி அறையைப் பார்த்தார்.

மறுநாள் என் அறைக்கு அவரே டீ கொண்டுவந்தார். "மிஸ்டர் பா, அந்தக் கடைசி ஆட்டு ஸ்டாஃபுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கழுத்துக்கு இதமா இருக்காம். இனிமே காலைப் பயிற்சியைச் சரியா பதினொண்ணு பத்துக்கு அதோட முடிங்க. என்ன?"

நான் தலையாட்டினேன். மேனேஜர் கொண்டுவந்த டீ கையில் இருக்கும்போது வேறென்ன செய்வது?

நாலு வாரம் தினமும் பதினொன்று பத்துக்கு ஆட்டினேன். ஒரு புதன்கிழமை, பதினொன்று பத்துக்கு, மதுசூதன் சார் மைக்கில் ஒரு கேள்வி கேட்டார். கழுத்து வலி குணமாகிவிட்டதால் இனி வேலை பதினோரு மணி நேரம், இரண்டு டீ நேரமும் கிடையாது, சம்மதமா? சட்டப்படி முக்கால்வாசிப் பேர் சம்மதிக்க வேண்டுமாம். விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் இருப்பதற்காக, தலையாட்டினால் மேசைக் கேமரா எண்ணிக்கொள்ளும். கண்ணாடிக்குள் இருந்த எனக்கு இது எதுவும் கேட்கவில்லை, பிறகுதான் தெரிந்தது. மூட்டையை இறக்கினேன். சுவரில் இருந்த பெரிய ஸ்கிரீனில் 412 என்று எழுதியிருந்தது. நான் படிக்கக் கற்றுக்கொண்டவன் ஆதலால் அதைப் படித்து மகிழ்ந்தேன்.

மத்தியானம் ஒரு பெண் படியேறி வந்து கண்ணாடியைத் தட்டினாள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் பட்டை, அதற்குக் கீழே சிலுவைச் சங்கிலி.

"நீங்கதானா அது?"

"எதும்மா?"

"எங் கழுத்துக்குள்ள இருக்கது." என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு அரிசி மூட்டையைப் பார்த்தாள். "ஏண்ணே, உங்களுக்கு என்ன தெரியும்னு எனக்குச் சம்மதம் சொன்னீக?"

பெயர் பிரிசில்லா, தூத்துக்குடி. கணவர் கப்பலில். மூன்று வயது மகளைத் தரமணியில் ஒரு காப்பகத்தில் விட்டிருக்கிறாள். ஆறரைக்கு அதை மூடிவிடுவார்கள். ஆறு மணிக்கே பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்குமாம். பதினோரு மணி நேர வேலை என்றால் அவள் வேலையை விட வேண்டும், இல்லை பிள்ளையை ஊருக்கு அனுப்ப வேண்டும்.

"நான் வேண்டாம்னுதாம்ணே நெனச்சேன். தலை ஆடிட்டு. நான் ஆட்டல."

என் வாழ்க்கையில் நான் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம் அது. இன்னொருவர் வாயிலிருந்து வந்து கேட்டது அன்றுதான். கேட்கச் சகிக்கவில்லை.

நிலோஃபரைக் கூப்பிட்டேன். அவளும் வந்து நின்றாள். பதினைந்து நாள் கழித்து இரண்டாவது முறையும் கேட்டாக வேண்டும், அதுதான் சட்டம் என்றாள்.

"அப்ப நான் மாட்டேன்னு தலையாட்டிடுறேன்" என்றேன் வீரமாக.

"அதுவும் நீங்க ஆட்டுறதுதான்ணே" என்றாள் பிரிசில்லா.

வீட்டில் சொன்னபோது அஞ்சலை எளிதாக வழி சொன்னாள். "மூட்டைய எறக்காத. அப்படியே நில்லு."

"நான் அசையாம நின்னா அவங்களும் அசைய முடியாது. வேணும்னு நெனக்கிறவனும் ஆட்ட முடியாது, வேணாம்னு நெனக்கிறவனும் ஆட்ட முடியாது."

"அப்ப அந்தச் சனியனக் கழட்டிடு."

"கழட்டுனா வேலை போயிடும்டி."

அஞ்சலை பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "காதுகுத்துக்கு நீ வராதப்ப அந்தப் புள்ள எவ்ளோ நேரம் தெருவப் பாத்துக்கினு இருந்துச்சு தெரியுமா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கு ஐந்து நாள் தூக்கம் போயிற்று.

பதினைந்தாவது நாள். பதினொரு மணிக்குக் கண்ணாடி அறையில் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். மூட்டையைத் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சுழலாமல், கீழே பார்த்தேன். என் வாழ்க்கையில் செய்த ஒரே வீரச் செயல், அதையும் உட்கார்ந்துகொண்டே செய்தேன். கீழே நானூற்றுப் பன்னிரண்டு கழுத்துகளும் அன்று அவரவர் சொந்தக் கழுத்துகள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 'நீங்களே சொல்லுங்கய்யா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பதினொன்று பத்து. மதுசூதன் சார் வாய் அசைந்தது.

தலைகள் ஆடின. இரண்டு ஆட்டு, மேலும் கீழும், ஒரே தாளத்தில். என் தாளத்தில். மூட்டையை இறக்கினதும் முதலில் கொஞ்சம் தயங்கி, பிறகு ஆடுகிற அதே ஆட்டு. அந்தத் தயக்கம்கூட என்னுடையதுதான்.

நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். பட்டை இல்லை.

ஸ்கிரீனில் 411. நான் எழுத்துக் கூட்டுவது போல எண்ணையும் கூட்டிப் படித்தேன். நாலாவது வரிசையில் ஒரு பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்திருந்தாள். உள்ளங்கையை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தலை கையைத் தள்ள, கை தலையைத் தள்ள, இரண்டும் நடுங்கின. அசையவில்லை. இரண்டாவது பயிற்சி.

நிலோஃபர் மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"கழட்டிட்டனேம்மா. பாரு, கழட்டிட்டேன்."

"ஆறு வாரம் தாண்டிடுச்சுண்ணே." அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "கழுத்து பழகிடுச்சு."

"பயந்து ஆட்டினாங்களா, பழகி ஆட்டினாங்களா?"

"எனக்குத் தெரியல. அவங்களைக் கேட்டாலும் தெரியாது."

ஊரிலேயே பெரிய தலையாட்டி நான்தான் என்று முப்பது வருஷமாக நினைத்து வெட்கப்பட்டிருந்தேன். இப்போது துணைக்கு நானூற்றுப் பதினோரு பேர். பள்ளிக்கூடம் போகாத ஒருவன் படித்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், அவனுக்கே பிடிக்காத பாடம். எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறார்கள்!

மதிய சாப்பாட்டுக்குள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூட்டையை மட்டும் கொடுத்தார்கள். நிலோஃபரை அனுப்பவில்லை, அவளாகவே வந்துவிட்டாள்.

பிரிசில்லாவின் அந்த ஒரு மறுப்பால் ஒன்று நடந்தது. ஒருவர் மறுத்தாலும் தொழிலாளர் அதிகாரி நேரில் வந்து, ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டுமாம். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை.

"பழகுறதுக்கு ஆறு வாரம். மறக்கறதுக்கு?" என்று கேட்டேன்.

"மறக்கறதுக்குப் பயிற்சி கிடையாதுண்ணே" என்றாள் நிலோஃபர். "வேறொண்ணு பழகலாம்."

அந்த நாலாவதைத்தான் சொன்னாள். கம்பெனி வெட்டிப் போட்ட பயிற்சி. இடது பக்கம், வலது பக்கம்.

கம்பெனி எதிரில் ஒரு டீக்கடை. காலை எட்டு மணிக்கு அங்கே கூடினோம். முதல்நாள் நான், நிலோஃபர், பிரிசில்லா, அவள் இடுப்பில் பிள்ளை. நான் எண்ணினேன், அவர்கள் திருப்பினார்கள். பிரிசில்லாவின் கழுத்து பாதி தூரம்கூடப் போகவில்லை. "எட்டு மாசமா முன்னாடி மட்டும்தாம்ணே பாத்திருக்கேன்" என்றாள். இரண்டாவது நாள் ஐந்து பேர். வார முடிவில் முப்பது பேர் நடைபாதையில் நின்று இடது பக்கம், வலது பக்கம் பார்த்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் அந்தப் பக்கம் ஏதோ விபத்து என்று எட்டிப் பார்த்தார்கள். "எல்லாரும் வேணாம் வேணாம்னே தலையாட்டுனா டீ எப்படி விக்கிறது?" என்று டீக்கடைக்காரர் சலித்துக்கொண்டார். ஒருவரும் பட்டை கட்டியிருக்கவில்லை. வலித்தது. வலிக்கிறது என்று அவரவரே சொன்னார்கள்.

எண்ணுவதற்கு எனக்குச் சம்பளம் இல்லை. ஒரு டீ உண்டு.

இரண்டாவது வார வியாழக்கிழமை மதுசூதன் சார் போன் செய்தார். நான் வீட்டில் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். கண்ணாடி அறையிலிருந்து வந்த அதே அரிசிதான், மூட்டை பாதியாகிவிட்டது.

"மிஸ்டர் பா, நடந்ததை மறந்துடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீசர் வர்றார். ஒரே ஒரு நாள் வந்து பட்டையைக் கட்டிக்குங்க. அதுக்கப்புறம் உங்க வேலை நிரந்தரம். ரிட்டயர் ஆகற வரைக்கும். எழுதியே தர்றேன். சரிதானே?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு ஈரக்கை. தலை ஆடியது. மேலும் கீழும், மேலும் கீழும், இரண்டோடு நிற்காமல்.

"மிஸ்டர் பா? இருக்கீங்களா? பதிலே காணோமே."

போனில் தலையாட்டினால் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷத்தில் ஒரு முதலாளி என் தலையைப் பார்க்க முடியாமல், என் வாய்க்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. வாயில் ஒன்றும் வரவில்லை. தலை மட்டும் நல்ல வேலைக்காரன் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது.

அஞ்சலை அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையை என் நெற்றியில் வைத்து அழுத்தினாள். மூட்டை தூக்கினவன் தலைக்கு எதிராக, இட்லி மாவு ஆட்டுகிற கை. நான் தள்ளினேன், அவள் தள்ளினாள். பத்து எண்ணுகிற நேரம்.

தலை நின்றது.

"வரமாட்டேன் சார்" என்றேன்.